சிப்பித் தூளும் விற்றமினும் கொடுத்த பிறகும் கோழி ஏன் எழும்பவில்லை?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கடன் எடுத்து 300 புரொய்லர் குஞ்சு வாங்கியிருக்கிறார். தீன் விலை தாங்காமல், ஆறாம் நாளிலிருந்து 50 கிலோ ஸ்டார்ட்டர் (குஞ்சுகளுக்கான முதல் கட்டத் தீன்) மூட்டைக்கு மில் தவிடு 20 கிலோவும், கடற்கரையில் பொறுக்கி இடித்துச் சலித்த சிப்பி ஓட்டுத் தூள் 2 கிலோவும் கலந்து போட்டிருக்கிறார். பதினாறாம் நாள் சில குஞ்சுகள் நொண்டத் தொடங்கின. இன்று பத்தொன்பதாம் நாள். நாற்பது வரையானவை முழங்காலில் குந்தியபடி இருக்கின்றன, ஒன்பது செத்துவிட்டன. சொண்டைப் பிடித்தால் றப்பர் மாதிரி வளைகிறதாம். கடைக்காரர் சொன்னபடி கல்சியம் சிரப்பும் பல விற்றமின் தூளும் தண்ணீரில் கலந்தாயிற்று, பிறகு மூன்று நாள் ரெட்ராசைக்கிளினும் கொடுத்தாயிற்று. பலன் இல்லை. கேள்விகள் நான்கு: சிப்பித் தூளை இரண்டு மடங்காக்கலாமா? வீட்டிலுள்ள சுறா ஈரல் எண்ணெயைக் கொடுக்கலாமா? குஞ்சு பிழையானது என்று விற்றவரிடம் காசு கேட்கலாமா? இந்தக் கோழிகளை விற்கலாமா, சாப்பிடலாமா?

சகோதரி, கலவையின் அளவைக் கிலோ கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் "கொஞ்சம் தவிடு, ஒரு கை சிப்பி" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்தக் கணக்குக்குள்ளேயே உங்களுக்கான விடையும் இருக்கிறது. உங்கள் கோழிகளுக்குக் கல்சியம் குறையவில்லை, கூடிப்போயிற்று. குறைந்தது பொஸ்பரஸ். அதனால் எலும்பு இறுகாமல் வளையும் நோயைத்தான் கணை என்கிறோம். ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: சிப்பித் தூளை இரண்டு மடங்காக்க வேண்டாம், இன்றைக்கே நிறுத்துங்கள்.

உங்கள் கலவையைக் கூட்டிப் பார்ப்போம்

நல்ல ஸ்டார்ட்டரில் ஒரு கிலோவுக்குக் கல்சியம் 10 கிராம் அளவிலும், குஞ்சின் உடம்பு எடுக்கக்கூடிய பொஸ்பரஸ் 4.5 கிராம் அளவிலும் இருக்கும். எலும்பிலும் கல்சியம் இரண்டு பங்கு, பொஸ்பரஸ் ஒரு பங்கு என்பதுதான் ஏறத்தாழக் கணக்கு. தீனும் அதை ஒட்டியே செய்யப்படுகிறது.

உங்கள் 50 கிலோ மூட்டையில் கல்சியம் 500 கிராம். சிப்பி ஓட்டில் நூற்றுக்கு 38 பங்கு கல்சியம், எனவே 2 கிலோ தூளில் 760 கிராம். தவிட்டிலிருந்து ஒரு 14 கிராம். கூட்டினால் 1,274 கிராம். அதை 72 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 17.7 கிராம் வருகிறது. பொஸ்பரஸ் பக்கம் மூட்டையில் 225 கிராம், தவிட்டில் 40 கிராம், மொத்தம் 265. கிலோவுக்கு 3.7 கிராம்தான். இரண்டுக்கு ஒன்று என்று இருந்த விகிதம் ஐந்துக்கு ஒன்றை நெருங்கிவிட்டது.

தவிட்டில் பொஸ்பரஸ் நிறைய உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை, கிலோவுக்கு 15 கிராம் வரை இருக்கும். ஆனால் அதில் மிகப் பெரும்பகுதி பைற்றேற்று என்ற உருவில் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் நொதி கோழியின் குடலில் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் கோழிக்குக் கிடைப்பது ஒரு 2 கிராம்தான், மிச்சம் எச்சத்தோடு உமியில் விழுந்துவிடும். அதற்கு மேல் சிப்பிக் கல்சியமும் சேர்ந்தால், அது குடலுக்குள் பைற்றேற்றோடும், கைக்கு எட்டியிருந்த கொஞ்சப் பொஸ்பரஸோடும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும். மங்கனீசு, துத்தநாகம் என்ற தாதுக்களும் அதோடு இழுபட்டுப் போகும். சிரப்பையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் கல்சியம்தான்.

இந்த அடி புரொய்லருக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் விழுகிறது? 40 கிராமில் வந்த குஞ்சு 21ஆம் நாளில் 900 கிராமைத் தாண்டுகிறது. (ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்ற கதையை நம்பாதீர்கள். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கியதால் வந்த வளர்ச்சி இது.) நாட்டுக்கோழி மூன்று மாதம் எடுத்துக் கட்டும் எலும்பை இது மூன்று கிழமையில் கட்டவேண்டும். பத்து நாள் பொஸ்பரஸ் வரவு குறைந்தால் கால்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

விற்றமின் கொடுத்தும் ஏன் பலிக்கவில்லை?

விற்றமின் டி3 குடலில் கல்சியத்தையும் பொஸ்பரஸையும் உள்ளே எடுக்க வைக்கிறது, எலும்பில் அவை படிய உதவுகிறது. ஆனால் தின்ற டி3 அப்படியே வேலை செய்யாது. ஈரலில் ஒருமுறை, சிறுநீரகத்தில் இன்னொருமுறை மாற்றம் அடைந்த பிறகுதான் வேலைக்கு இறங்கும். பூஞ்சணம் பிடித்த சோளத்தின் நஞ்சால் ஈரல் கெட்டிருந்தாலும், இரத்தக் கழிச்சலால் குடல் சுவர் புண்பட்டிருந்தாலும், தீனில் உள்ள டி3 கோழிக்கு முழுதாக உதவாது.

1994இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிச் சபை வெளியிட்ட அட்டவணையில், இறைச்சிக் குஞ்சுக்குத் தீன் கிலோவுக்கு 200 ஐ.யு. (சர்வதேச அலகு) டி3 போதும் என்று இருக்கிறது. தீன் செய்பவர்கள் 3,000 முதல் 5,000 வரை போடுகிறார்கள். மூட்டையில் 3,000 இருந்தது என்று வைத்தாலும், தவிட்டால் ஐதான பிறகு உங்கள் கலவையில் 2,000க்குச் சற்று மேல் இருந்திருக்கும். அட்டவணை அளவின் பத்து மடங்கு அது. ஆனால் அந்த 200 என்ற அளவு, கல்சியமும் பொஸ்பரஸும் சரியான விகிதத்தில் இருக்கும்போது மட்டும் பொருந்துவது. விகிதம் குழம்பினால் டி3 தேவை பல மடங்கு ஏறும். அப்போது டி3 கூட்டுவது கொஞ்சம் உதவும், ஆனால் தீனில் இல்லாத பொஸ்பரஸை அது கொண்டுவந்து தராது. மேசன் எத்தனை பேர் வந்து நின்றாலும் சீமெந்து மூட்டை இறங்காவிட்டால் சுவர் எழும்பாது.

மற்ற விற்றமின்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கால் விழும் கோழி எல்லாம் ஒரே நோய் இல்லை. பி2 குறைந்தால் கால்விரல்கள் கைமுட்டி பொத்தியதுபோல உள்ளே மடங்கும், எலும்பு கெட்டியாகவே இருக்கும். கோலின், நியசின், பயோற்றின், போலிக் அமிலம் குறைந்தாலோ, மங்கனீசு குறைந்தாலோ முழங்கால் மூட்டு வீங்கி, பின் தசைநாண் பக்கவாட்டில் வழுகிக் கால் வெளியே திரும்பிவிடும். வழுகிய தசைநாணை எந்த மருந்தும் திருப்பி வைக்காது. உங்கள் கலவையில் கல்சியம் கூடி மங்கனீசை மறித்திருப்பதால் அப்படியும் இரண்டொன்று இருக்கலாம், பாருங்கள். விற்றமின் கே இரத்தம் உறைவதற்கு மட்டும் என்று நினைப்போம், எலும்பில் உள்ள ஒரு புரதம் கல்சியத்தைப் பிடிப்பதற்கும் அது வேண்டும். விற்றமின் சியைக் கோழி தானே உண்டாக்கிக்கொள்ளும், ஆடி ஆவணி வெக்கையில் மட்டும் அது போதாமல் போகலாம்.

ரெட்ராசைக்கிளினைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இது கிருமி நோய் என்பதற்குக் கடிதத்தில் அறிகுறி இல்லை. அப்படியே இருந்திருந்தாலும், கடினத் தண்ணீர்க் கிணறு என்றால் தண்ணீரிலுள்ள கல்சியம் அந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். சிரப்பையும் அதே தண்ணீரில் ஊற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சுறா எண்ணெய்

வேண்டாம். கரையோரப் பக்கம் எல்லாரும் சொல்லும் வைத்தியம்தான், முற்றிலும் பிழை என்றும் இல்லை. டி3 அதில் உண்டு. ஆனால் சுறா ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏ மிக அதிகம், டி3 எவ்வளவு என்பது சுறாவுக்குச் சுறா வேறுபடும். ஏயும் டியும் கொழுப்போடு சேர்ந்து ஒரே வழியால் உறிஞ்சப்படுபவை. ஏ அளவு மீறினால் டியின் வேலையை மறிக்கும், எலும்பு இன்னும் மெலியும். அதோடு, திறந்து வைத்த பழைய எண்ணெய் காறியிருந்தால் தீனிலுள்ள ஏ, ஈ விற்றமின்களையும் அழித்துவிடும்.

காறல் என்றதும் தவிட்டு ஞாபகம் வருகிறது. உங்கள் தவிடு எத்தனை நாள் பழையது என்று நீங்கள் எழுதவில்லை. நெல் குத்திய கையோடு தவிட்டிலுள்ள நொதி அதன் எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். நம் வெக்கையில் சில நாளிலேயே மூக்குக்குத் தெரியும். உடைந்த கொழுப்பு கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகி வெளியே போகும், தீனின் விற்றமின்களையும் கெடுக்கும்.

முதலில் ஒரு எலும்பை வெட்டிப் பாருங்கள்

கடிதத்தை வைத்து நான் சொல்வது பலத்த சந்தேகம்தான். அதை உறுதிப்படுத்த உங்கள் கையிலேயே வழி இருக்கிறது. புதிதாகச் செத்த குஞ்சு ஒன்றை எடுத்துத் தோலை நீக்கி, தொடைக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பைக் கழற்றுங்கள். இரண்டு கையாலும் முறியுங்கள். நல்ல எலும்பு 'டக்' என்ற சத்தத்தோடு முறியும், கணை விழுந்த எலும்பு பச்சைக் குச்சி மாதிரி வளையும். பிறகு அதன் மேல் முனையைக் கூரான கத்தியால் நெடுக்குவாட்டில் பிளந்து பாருங்கள். தலைக்கும் தண்டுக்கும் இடையில் வெளிறிய ஒரு கோடு தெரியும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் என்றால் சரி. ஒரே சீராகத் தடித்து, குலைந்த ஓரத்தோடு இருந்தால் கணைதான். கோடு மெல்லிசாக இருந்து, நடுவில் மட்டும் வெள்ளைக் குருத்தெலும்பு ஆப்பு அடித்ததுபோல கீழே இறங்கியிருந்தால் அது வேறு கோளாறு, வேகமாக வளரும் கோழிக்கு வருவது. நெஞ்சைத் திறந்து விலா எலும்புகளின் உட்பக்கம் விரலை ஓட்டுங்கள், கணை என்றால் முதுகெலும்புப் பக்கமாகச் செபமாலை மணிபோலத் தட்டுப்படும். தொடை எலும்பின் தலை கழற்றும்போதே உதிர்ந்தால், அல்லது உள்ளே சீழ் இருந்தால் கிருமி. கழுத்து முறுக்கல், நடுக்கம், பச்சைக் கழிச்சல் இவற்றில் எதுவும் தெரிந்தால் வெட்டிக்கொண்டிருக்காமல் உடனே பிரதேச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், ராணிக்கெட் என்ற தொற்று நோயாக இருக்கலாம்.

இன்றிலிருந்து செய்யவேண்டியவை

கலவைத் தீனை முழுதாக எடுத்துவிட்டுத் தனி ஸ்டார்ட்டர் போடுங்கள். மற்றக் கோழிகள் 21ஆம் நாளில் அடுத்த தீனுக்கு மாறினாலும் உங்களுடையவை 25ஆம் நாள் வரை ஸ்டார்ட்டரிலேயே இருக்கட்டும், பிந்திய தீன்களில் பொஸ்பரஸ் இன்னும் குறைவு. காசு இறுக்கம் என்று தெரிந்தும் சொல்கிறேன், இதில் மிச்சம் பிடித்தால் மருந்துக் காசும் வீண். எடுத்த கலவையைக் கொட்ட வேண்டாம். காறல் மணம் இல்லையென்றால் முட்டையிடும் நாட்டுக்கோழிகளுக்குப் போடலாம், ஓடு கட்ட அவற்றுக்குக் கல்சியம் வேண்டும். குஞ்சுகளுக்கும் சேவல்களுக்கும் வேண்டாம்.

கல்சியம் சிரப்பை நிறுத்துங்கள். ஏழு நாளைக்கு மட்டும் தண்ணீரில் டி3 கொடுங்கள். குஞ்சு ஒன்றுக்கு நாளுக்கு 500 ஐ.யு., 291 குஞ்சுக்கு ஏறத்தாழ 145,000 ஐ.யு. லேபிளில் ஒரு மில்லிலீற்றருக்கு 5,000 என்று இருந்தால் 29 மில்லிலீற்றர். "டி3" என்றே எழுதியிருக்கவேண்டும், டி2 கோழிக்கு மிகக் குறைவாகவே பயன்படும். ஏ விற்றமின் குறைவாக உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். இதைக் கொடுக்கும் நாட்களில் பல விற்றமின் தூள் வேண்டாம். முழுநாள் தண்ணீரிலும் கலக்காமல், காலையில் முதலில் குடிக்கும் 20 லீற்றரில் மட்டும் கலந்து மூன்று நான்கு மணித்தியாலத்தில் முடியவிடுங்கள். வெயிலும் குளோரினும் விற்றமினைத் தின்றுவிடும். ஏழு நாளுக்கு மேல் நீட்டாதீர்கள், டி3 அளவு மீறினால் சிறுநீரகத்தில் கல்சியம் படியும்.

குந்திய கோழிகளைப் பிரித்து, தடிப்பாக உமி போட்டு, தண்ணீரையும் தீனையும் தட்டையான தட்டில் அவற்றின் சொண்டுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இந்த நோயில் பெரும்பாலானவை சாவது எலும்பினால் அல்ல. தண்ணீருக்குப் போகமுடியாமல்தான் சாகின்றன. நான்கு ஐந்து நாளில் சொண்டு இறுகத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். வளைந்த கால் நிமிராது. எட்டு நாளுக்குப் பிறகும் எழும்பாதவையையும், எலும்பு முறிந்தவற்றையும் கஷ்டப்படுத்தாமல் கழித்துவிடுங்கள்.

தூசிக்காகக் கொட்டிலைச் சுற்றித் தறப்பாள் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலை ஒன்பது மணிக்குப் பிறகு அரை மணித்தியாலம் கிழக்குப் பக்கத்தைத் தூக்கிவிடுங்கள். வெயில் நேரே காலில் பட்டால் கோழியின் தோலிலேயே டி3 உண்டாகும், தறப்பாளுக்கு உள்ளால் வரும் வெளிச்சத்தில் அது நடக்காது. பத்தரைக்குப் பிறகு நிழல் வேண்டும். வாயைத் திறந்து இளைக்கும் கோழிக்கு வெயில் வைத்தியம் ஆபத்து.

குஞ்சு விற்றவரிடம் காசு கேட்கலாமா?

நியாயம் உங்கள் பக்கம் பலமாக இல்லை. தாய்க்கோழிக்கு விற்றமின் குறைந்து குஞ்சில் குறை வந்தால் முதல் பத்து நாளுக்குள் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தொடங்கியது கலவை போட்டுப் பத்தாம் நாள். அதே நாளில் அதே இடத்தில் குஞ்சு வாங்கி, தனித் தீன் போட்ட யாராவது இருந்தால் விசாரியுங்கள். அவர்களுடையதும் விழுந்திருந்தால் கதை வேறு, அப்போது தீன் மூட்டையையும் சந்தேகிக்கலாம். அதற்கு இப்போதே செய்யவேண்டியது: பில், மூட்டை லேபிள், தொகுதி இலக்கம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். உடைக்காத மூட்டை ஒன்றைக் கால்நடை வைத்தியருக்கு முன்னால் திறந்து ஒவ்வொரு கிலோவாக இரண்டு மாதிரி எடுத்துக் கட்டி வையுங்கள். தீனின் தரத்துக்கு 1986ஆம் ஆண்டின் விலங்குணவுச் சட்டம் இருக்கிறது, முறைப்பாட்டைக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு அவர் மூலம் அனுப்பலாம். ஆனால் தவிடும் சிப்பியும் கலந்ததை மறைக்காதீர்கள். எச்சத்தையும் எலும்பையும் பார்ப்பவர்களுக்கு அது விளங்கும், பிறகு உண்மையான முறைப்பாடும் எடுபடாது.

விற்பதும் சாப்பிடுவதும்

கணை தொற்று நோய் அல்ல, இறைச்சிக்குக் கேடில்லை. தடை அந்த ரெட்ராசைக்கிளின்தான். போத்தலில் எழுதியிருக்கும் விலக்கு நாட்கள் (மருந்து இறைச்சியை விட்டு நீங்க விடவேண்டிய நாட்கள்), கடைசி வேளை மருந்திலிருந்து எண்ணி முடியும்வரை ஒரு கோழியும் விற்கவும் வேண்டாம், வீட்டில் சமைக்கவும் வேண்டாம். தானாகச் செத்ததை நாய்க்குப் போடாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

நடக்கக்கூடியவற்றை 35 நாள் வரை வைத்திருப்பதா, முந்தியே விற்பதா என்று தயங்குவீர்கள். நன்றாக நடந்து தின்பவை இருக்கட்டும். நொண்டிக்கொண்டு தின்பவை விலக்கு நாள் முடிந்ததும் 28, 30 நாளில் சிறிய கோழியாகப் போகட்டும். மெலிந்த காலில் ஒவ்வொரு நூறு கிராமும் பாரம்தான், பிடித்துக் கட்டும்போதும் முறியும்.

அடுத்த தொகுதிக்கு

தவிடு போட்டே ஆகவேண்டுமென்றால் 21 நாளுக்கு முன் ஒரு பிடியும் வேண்டாம். அதன் பிறகு 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோவுக்கு மேல் வேண்டாம். மில்லிலிருந்து அன்றன்று வாங்கிய தவிடாக இருக்கட்டும். அதோடு டைகல்சியம் பொஸ்பேற்று 60 கிராம் சேருங்கள், கல்சியமும் பொஸ்பரஸும் சேர்ந்தே அதில் இருக்கிறது. முதலில் ஒரு கிலோ தவிட்டோடு அதைக் கலந்து, பிறகு மிச்சத்தோடு கலந்தால்தான் சீராகப் பரவும். விற்றமின்களும் பத்தில் ஒரு பங்கு ஐதாகும், அந்த அளவை ஸ்டார்ட்டரில் ஒழுங்காக வளர்ந்த கோழி தாங்கும். இருபது கிலோவைத் தாங்காது.

மூட்டைகளைத் தகரக் கூரைக்குக் கீழே சுவரோடு சாய்க்காமல், பலகை மேல், காற்றோட்டமான பக்கத்தில் அடுக்குங்கள். உற்பத்தித் திகதி ஒரு மாதம் தாண்டிய மூட்டையை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். இடித்து வைத்திருக்கும் மிச்சச் சிப்பித் தூளை நாட்டுக்கோழிகளுக்குத் தனிச் சிரட்டையில் வைத்துவிடுங்கள், வேண்டியது வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.